மூடியில் எட்டுக் காகங்கள்

கண்ணை மூடித் திறப்பதற்குள் ஒரு காகம் எட்டுக் காகமானது. பாலேஸ்வரி கதிரையை விட்டு எழும்பியே விட்டாள். கொம்பியூட்டர்த் திரையில் வட்டம் கட்டி நின்ற எட்டும் ஒரே மாதிரிக் கழுத்தை உயர்த்தி, ஒரே மாதிரிச் சொண்டை நீட்டி, நடுவிலிருந்த பிஸ்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தன. அவள் வரைந்தது ஒன்றைத்தான். மிச்சமெல்லாம் சும்மா வந்தவை. "றவூப், இஞ்ச ஓடி வாரும், கெதியா!" என்று அவள் போட்ட சத்தத்தில், கீழே அச்சு மெஷினடியில் நின்ற றவூப் யாருக்கோ கறண்ட் அடித்துவிட்டது என்று நினைத்து மரப்படிகளில் தாவி ஏறி வந்தான். வந்து பார்த்துவிட்டு, மூச்சு வாங்க, "இதுக்கா அக்கா? மொதல்ல சேவ் பண்ணுங்க" என்றான்.

றவூப் மாளிகாவத்தைப் பெடியன். கொழும்பில் கொட்டாஞ்சேனையிலிருந்த அந்த அச்சகத்துக்குக் கொம்பியூட்டர் வந்த அன்றே அதனோடு சேர்ந்து வேலைக்கு வந்தவன். எழுத்துக் கோப்பது அவனுக்கு, படம் கீறுவது பாலேஸ்வரிக்கு என்றுதான் முதலாளி சண்முகலிங்கம் பிரித்துக் கொடுத்திருந்தார். மேல் அறையில் ஜன்னலோரம் அவளுடைய சாய்வு மேசை, எதிர்ச் சுவரோரம் மெஷின். முதல் வாரம் அவள் அந்தப் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை. அடுத்த வாரம் அவனுடைய தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். அதற்கடுத்த வாரம், அவன் பள்ளிக்குத் தொழப் போன நேரம் பார்த்து, அவனுடைய கதிரையில் இருந்து மவுசைப் பிடித்தாள். திரும்பி வந்தவன் எழும்பச் சொல்லவும் இல்லை, அவள் எழும்பவும் இல்லை. அன்றையிலிருந்து காலையில் யார் முதலில் படியேறுகிறார்களோ அவர்களுக்குத்தான் கதிரை என்றாகிவிட்டது. வெள்ளவத்தையிலிருந்து பஸ் மாறி வரவேண்டிய பாலேஸ்வரி, பக்கத்து மாளிகாவத்தையிலிருந்து நடந்து வருகிற றவூப்பை முந்திக்கொண்டு வந்து நிற்பாள்.

அவளுடைய ஆசைக்கு ஒரு நியாயம் இருந்தது. வட்டமாக ஒரு வேலைப்பாடு கீற வேண்டுமென்றால் முன்பெல்லாம் கவராயத்தால் வட்டம் போட்டு, துண்டு துண்டாகப் பிரித்து, ஒரு துண்டை ஒழுங்காகக் கீறி, மெல்லிய கடதாசியில் அதைப் பிரதி எடுத்து, பின்பக்கம் பென்சில் தேய்த்து, அடுத்த துண்டில் வைத்து அமத்தி, பிறகு எல்லாவற்றுக்கும் மேலால் மை போட்டு முடிக்க வேண்டும். முடிகிற நேரத்தில் பேனை ஒரு சொட்டு விட்டால் அந்தக் கிழமையே நாசம். கல்யாணக் காட், கோயில் திருவிழா நோட்டீஸ், மரண அறிவித்தலின் கறுப்புக் கரை என்று மூன்று வருடமாக இப்படிக் கீறிக் கீறி அவளுடைய நடுவிரலில் பென்சில் அழுத்திய காய் கல்லாகிவிட்டது. இப்போது அதே வேலையை விசைப்பலகையில் ஒரு கட்டையைத் தட்டினால் மெஷின் செய்கிறது. பிழைத்தால் இன்னொரு கட்டையைத் தட்ட, பிழை நடக்கவே இல்லை என்றாகிவிடுகிறது. அந்தக் கட்டையை முதன்முதலில் றவூப் காட்டியபோது அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. வேண்டுமென்றே ஒரு கோட்டைக் கோணலாக இழுத்து, அதை அழித்து, திரும்ப இழுத்து, திரும்ப அழித்துச் சின்னப்பிள்ளை போல விளையாடினாள்.

ஆனால் அது தொண்ணூற்றாறாம் ஆண்டு. மழை பொய்த்து நீர்த்தேக்கங்கள் வற்றிப்போய், கறண்டைப் பகுதி பகுதியாகப் பங்கு போட்டுக் கொடுத்தார்கள். கொட்டாஞ்சேனையில் வெட்டென்றால் வெள்ளவத்தையில் இருக்கும், இங்கே வந்தால் அங்கே போகும். கறண்ட் போனால் மெஷின் செத்துவிடும். பாலேஸ்வரி பெருமூச்சு விட்டுக்கொண்டு ஜன்னலோர மேசைக்குப் போவாள். அங்கே ஒரு வேடிக்கை நடந்தது. பென்சிலில் ஒரு கோடு பிழைத்தால் அவளுடைய இடக்கை தன்பாட்டில் மேசை விளிம்பில் அழிக்கிற கட்டையைத் தேடியது. கட்டை இல்லையென்று தெரிந்ததும் கை வெட்கப்பட்டது போல மடிக்குத் திரும்பியது. பிறகு அவள் அடுத்த கோட்டை இழுக்கமுன் கொஞ்சம் யோசித்தாள். மெஷினில் இருக்கும்போது யோசனை எப்போதும் கோட்டுக்குப் பின்னால்தான் வந்தது. ஒரே பூவை இருபது நிறத்தில் போட்டுப் பார்த்து, இருபதும் வடிவாயிருக்கிறதே என்று தலையைப் பிடித்துக்கொண்டிருந்த நாட்களும் உண்டு. எது நல்லது என்று கேட்டால் அவள் மெஷின் என்றுதான் சொல்லியிருப்பாள். அதுவும் கூவிச் சொல்லியிருப்பாள்.

இந்த நேரத்தில்தான் பிஸ்கட் ரின் வந்தது. காலி வீதியில், வெள்ளவத்தையில், அலுவலகம் வைத்திருந்த இராசரத்தினம் என்ற பிஸ்கட் முதலாளி வருடப் பிறப்புக்கென்று வட்டத் தகர ரின் ஒன்று போட நினைத்திருந்தார். மூடிக்குப் படம் வேண்டும். தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள் எல்லோரும் வாங்க வேண்டும், ஒருவருக்கும் மனம் நோகக் கூடாது. சொல்லுவதற்குச் சுகம்தான். பாலேஸ்வரியும் சண்முகலிங்கமும் ஒரு பின்னேரம் முழுக்க இருந்து பட்டியல் போட்டுப் பார்த்தார்கள். யானை கீறலாமென்றால் அது ஒரு கட்சியின் சின்னம். சூரியன் இன்னொரு கட்சி. மரம் ஒரு கட்சி, சேவல் ஒரு கட்சி. ஒருவர் கால் நீட்டி இருந்து பிஸ்கட் தின்கிற மாதிரிக் கீறலாமென்றால் அவர் இருக்கிற கதிரையும் ஒரு கட்சி. சிங்கத்தையும் மற்றதையும் பற்றி வாயே திறக்கத் தேவையில்லை. நாட்டில் கீறுவதற்கு ஒரு சாமான் மிச்சமில்லையே என்று சண்முகலிங்கம் கையை விரித்தபோது, ஜன்னல் கட்டில் வைத்த பாண் துண்டை ஒரு காகம் லபக்கென்று தூக்கிக்கொண்டு போனது.

"காகமோ?" என்றார் சண்முகலிங்கம், அவள் சொன்னதைக் கேட்டு. "உமக்கென்ன விசரே? சாப்பாட்டுச் சாமானில ஆரும் காகம் போடுவினமோ?"

"எந்தக் கட்சியிட்டயும் காகம் இல்லை ஐயா."

அவர் கொஞ்ச நேரம் முகட்டைப் பார்த்து ஒவ்வொரு கட்சியாக நினைத்துப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். சரி, செய்து பாரும், கிடைத்தால் இனிமேல் டிசைன் வேலை முழுக்க உம்முடைய பொறுப்பு என்று சொன்னார். கிடைக்காவிட்டால் என்ன என்று அவர் சொல்லவில்லை. கிடைக்காவிட்டால் கல்யாணக் காட்டும் கறுப்புக் கரையும்தான்.

பொறுப்பு அவளுக்கு இரண்டாம் பட்சம். அவளுக்கு அந்த ரின்தான் வேண்டியிருந்தது. கல்யாணக் காட் கல்யாணம் முடிய எறிகிற சாமான். பிஸ்கட் ரின் அப்படியில்லை. பிஸ்கட் முடிந்த பிறகுதான் அதற்குச் சீவியம் தொடங்கும். நூலும் ஊசியும் அதற்குள் போகும், பொத்தான் போகும், பிள்ளைகளின் பிறப்புச் சாட்சிப் பத்திரம் போகும். போன வருடம் சண்டைக்குப் பயந்து கொக்குவிலிலிருந்து ஊரோடு ஊராக வெளிக்கிட்டபோது அவளுடைய அம்மா வீட்டிலிருந்து கையில் எடுத்தது ஒரேயொரு பழைய ரின்னைத்தான். காணி உறுதியும் தோடும் அதற்குள். குடை பிடித்த வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி அந்த மூடியில் நிற்பாள். மழைக்குள் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அம்மா சாவகச்சேரி வரைக்கும் நடந்ததாக, பார்த்தவர்கள் வந்து சொன்னார்கள். அந்த வெள்ளைக்காரியைக் கீறியது யாரோ, எந்த ஊரோ. அது போல ஒரு மூடியைத் தன் கையால் கீற வேண்டும், அது முன்பின் தெரியாத வீடுகளுக்குள் போய் அலுமாரியின் மேல் தட்டில் இருக்க வேண்டும் என்ற ஆசை பாலேஸ்வரியைப் பிடித்து ஆட்டியது. சோறு இறங்கவில்லை. பஸ்ஸில் நின்றுகொண்டே காற்றில் விரலால் வட்டம் போட்டாள்.

கறண்ட் வெட்டுகளின்போது ஜன்னலில் வந்திருந்த காகங்களைப் பார்த்துப் பென்சிலால் தாள் தாளாகக் கீறினாள். சண்டை பிடிக்கிற காகம், இறகு கோதுகிற காகம், வெயிலுக்கு வாயைப் பிளந்துகொண்டிருக்கிற காகம். அவற்றில் மிகத் துப்புரவான ஒன்றை, கழுத்து நேராக நின்ற ஒன்றைத் தெரிந்தெடுத்து மெஷினில் ஏற்றினாள். அதைத்தான் இன்று காலை தட்டினாள், எட்டானது.

இராசரத்தினம் மறுநாள் ரின் செய்விக்க மதராசுக்குப் போகிறார். இன்று பின்னேரத்துக்குள் படத்தைக் காட்ட வேண்டும். கொள்ளுப்பிட்டியிலிருந்து இன்னொரு கம்பெனியும் காட்டுகிறதாம். நிறத்தோடு கடதாசியில் அடித்துக் கொடுக்க அச்சகத்தில் வசதியில்லை; நிறத்தைத் திரையில்தான் பார்க்கலாம். கொட்டாஞ்சேனையில் மத்தியானம் கறண்ட் போய்விடும். வெள்ளவத்தையில் அந்த நேரம்தான் வரும். ஆகவே மெஷினையே தூக்கிக்கொண்டு போவது என்று முடிவானது. சண்முகலிங்கம் பிள்ளையாருக்கு நேர்ந்துகொண்டு, நான் வந்தால் படபடப்பில் விலையைக் குறைத்துவிடுவேன் என்று சொல்லி அச்சகத்திலேயே நின்றுவிட்டார்.

அப்போதுதான் றவூப் அந்தப் புத்திசாலித்தனமான காரியத்தைச் செய்தான். மெஷின் குலுங்கக் கூடாது, தூசு படக் கூடாது என்று வீட்டுக்கு ஓடிப்போய் உம்மாவின் பெட்சீற்றுகளைக் கொண்டுவந்து, திரைப்பெட்டியை ஒன்றிலும் மற்றப் பெட்டியை ஒன்றிலும் சுற்றி, தும்புக் கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாக இறுக்கிக் கட்டினான். வயர்களை ஒரு சாக்குப் பைக்குள் சுருட்டிப் போட்டான். காளியப்பனின் ஓட்டோ வாசலில் நின்றது. பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து கொழும்பில் ஓட்டோ ஓடுகிற மனிதர் அவர். பொட்டலங்களைப் பார்த்தார், பைக்கு வெளியே தொங்கிய வயரைப் பார்த்தார், இரண்டு பேரையும் பார்த்தார்.

"தம்பி, இத இப்புடியா கட்டுவாங்க?" என்றார். "பாக்கிறவன் என்னான்னு நெனைப்பான்?"

அந்த வருடத் தொடக்கத்தில் கோட்டையில் குண்டு வெடித்த பிறகு, கொழும்பில் கட்டிய பொட்டலம் எதையும் யாரும் நல்ல மனதோடு பார்ப்பதில்லை. இது தெரியாத ஆள் யாருமில்லை. ஆனாலும் மெஷினை எப்படிப் பத்திரமாகக் கொண்டுபோவது என்பதே மண்டைக்குள் நிறைந்திருந்ததால் அந்த இருவருக்கும் மற்றது ஏறவில்லை. அவிழ்த்துக் கட்ட நேரமுமில்லை. பாலேஸ்வரி திரைப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஏறினாள். கறுப்பு மையில் அடித்த படப் பிரதி ஒன்று அவளுடைய கோவைக்குள் இருந்தது. ஓட்டோ மருதானையால் சுற்றி ஓடியது. அவளுக்குச் சிரிப்புச் சிரிப்பாய் வந்தது.

கொம்பனித்தெருப் பக்கச் சோதனைச் சாவடியில் மறித்தார்கள். இளம் சிப்பாய் ஒருவன் உள்ளே குனிந்து பார்த்து, பெட்சீற் பொட்டலத்தைப் பார்த்து, அந்த மாத்திரத்திலேயே பின்னுக்குப் போய்த் தோளில் தொங்கிய துவக்கை நிமிர்த்தினான். விசில் சத்தம் கேட்டது. இன்னும் மூன்று பேர் வந்தார்கள். எல்லோரும் இறங்கி, பொட்டலங்களை மண்மூட்டைக்கருகே வைத்து, கயிற்றை அவிழ்த்தார்கள். அடையாள அட்டையில் பாலேஸ்வரியின் பிறந்த ஊரைப் படித்துவிட்டு, தலை நரைத்த சார்ஜன்ட் அவளை ஏற இறங்கப் பார்த்தார். றவூப் சிங்களத்தில் மழை மாதிரிப் பொழிந்தான். கொம்பியூட்டர், அச்சகம், பிஸ்கட், முதலாளி. சார்ஜன்ட் தலையாட்டிக்கொண்டே அவளுடைய கோவையைத் திறந்து படத்தை வெளியே எடுத்தார். எடுத்தவர் வைக்கவில்லை.

"மேக்க மொன லகுணத?" என்றார்.

இது என்ன சின்னம் என்று கேட்கிறார் என்பது பாலேஸ்வரிக்கே விளங்கியது. எந்த அமைப்பின் சின்னம், ஏன் எல்லாம் கறுப்பு, ஏன் எட்டு என்று அடுத்தடுத்துக் கேட்டார். றவூப்பின் சிங்களம் வற்றிப்போய்விட்டது. பாலேஸ்வரி அவருடைய கையிலிருந்த கடதாசியை எதிர்ப்பக்கமிருந்து, தலைகீழாகப் பார்த்தாள். மனிதர் சொல்வது சரி. வட்டம். வட்டத்தைச் சுற்றி ஒரே அச்சில் வார்த்த மாதிரி எட்டுப் பறவைகள், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, உத்தரவுக்குக் காத்து நிற்கிற மாதிரி. சார்ஜன்டின் தோளிலேயே அப்படி ஒரு வட்டம் தைத்திருந்தது. இதைப் பார்த்து எந்தப் பிள்ளைக்குப் பிஸ்கட் தின்ன ஆசை வரும்? பயத்துக்கு மேலால் வெட்கம் வந்தது. இதற்காகவா காலையில் அப்படிக் கூத்தாடினாள்?

"போட்டுக் காட்டச் சொல்றாரு அக்கா. மெஷின" என்றான் றவூப். "ஆனா இங்க கறண்ட் இல்ல. சிக்னல் லைட்டும் இல்ல, பாருங்க."

அவள் கைப்பையைத் திறந்தாள். துவக்குகள் நிமிர்ந்தன. பென்சிலை எடுத்து எல்லோருக்கும் தெரிகிற மாதிரி உயர்த்திக் காட்டினாள். "சேர், பிஸ்கட் ரின், சேர்" என்று தனக்குத் தெரிந்த சிங்களத்தையும் தெரியாததையும் சேர்த்துச் சொல்லி, அவருடைய கையிலிருந்த தாளை மெல்ல வாங்கிக் கவிழ்த்து, அவிழ்த்த திரைப்பெட்டியின் தலையில் வைத்து, வெறும் கையாலேயே ஒரு வட்டம் போட்டாள். கவராயம் தேவைப்படவில்லை. முதல் காகம் பிஸ்கட்டைக் கவ்விக்கொண்டு ஓடியது. இரண்டாவது அதன் வாலைப் பிடித்து இழுத்தது. மூன்றாவது தொண்டை கிழியக் கத்தியது. நாலாவது தின்று தின்று உருண்டு, கண் சொருகி இருந்தது. கை ஓடியது. இடக்கை ஒன்றையும் தேடவில்லை, அது தாள் பறக்காமல் அமத்திக்கொண்டிருந்தது. ஜன்னலில் மாதக் கணக்காகப் பார்த்ததெல்லாம் வரிசை கட்டிக்கொண்டு விரலுக்குள் இறங்கியது. ஐந்தாவதின் தலையில் ஒரு பிஸ்கட் துண்டு விழுந்து கிடந்தது, அது மட்டும் அதைக் காணவில்லை. ஆறாவது எல்லோருக்கும் பின்பக்கத்தைக் காட்டிக் குனிந்து நின்றது. "கபுட்டோ!" என்று இளம் சிப்பாய் கத்தினான். காகங்கள்! குண்டுக் காகத்தைக் காட்டி இன்னொருவன் தங்களோடு நின்ற ஒருவனின் பெயரைச் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். குண்டனும் சிரித்தான். ஏழாவதை அவள் படத்தைப் பார்க்கிறவனையே நேரே பார்க்கிற மாதிரிக் கீறினாள், நீயும் ஒரு துண்டு தாவன் என்று கேட்கிற கண்.

"எத்தி, எத்தி" என்றார் சார்ஜன்ட். போதும். சிரிப்பை மீசைக்குள் அடக்கிக்கொண்டு தாளை உருவியெடுத்து, மடித்து, சட்டைப்பைக்குள் வைத்தார். வீட்டில் இருக்கிற மகளுக்காம் என்று றவூப் காதுக்குள் சொன்னான். அதைத் திருப்பிக் கேட்கப் பாலேஸ்வரி கையை நீட்டியே விட்டாள்.

"ஏறுங்கம்மா" என்றார் காளியப்பன் பல்லுக்குள். "விட்டுட்டானுங்க. எதுவும் கேக்காதீங்க."

ஓட்டோ காலி முகத்திடலைத் தாண்டியது. கடல் காற்று முகத்தில் அடித்தபோது பாலேஸ்வரிக்கு உடம்பெல்லாம் நடுங்கியது. பயந்த நடுக்கம் என்று நினைத்து றவூப் தண்ணீர்ப் போத்தலை நீட்டினான். அவள் அவனுடைய கையைப் பிடித்து உலுக்கினாள்.

"அந்த மனிசன் சொன்னது சரி றவூப். அது சின்னம்தான். எட்டும் அற்றென்ஷனில நிக்குது. அத நான் காட்டமாட்டன்."

"அக்கா, நாங்க உசிரோட வந்ததே பெரிய விசயம். வேற படமில்ல. நீங்க கீறினத அவரு எடுத்துட்டாரே!"

எடுத்துவிட்டார்தான். ஆனால் கை அவளிடம் இருந்தது. அவள் மெஷினைக் குற்றம் சொல்லவில்லை. மேசை நிறையக் குழப்படிக் காகங்கள் கிடந்தன. அவற்றில் சுழற்றுவதற்கு வசதியான நல்ல பிள்ளையைத் தேடி எடுத்தது அவள்தான். மெஷின் ஒன்றையும் மறிக்கவில்லை. அதற்குச் சுகமானதை அவளாகவே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள். இப்படித்தான் நடக்கும் என்று தெரிந்துகொண்டதில் அவளுக்கு ஆத்திரத்தைவிடச் சந்தோசம்தான் கூடவாயிருந்தது.

இராசரத்தினத்தின் அலுவலகத்தில் காற்றாடி சுழன்றது. கறண்ட் இருக்கிறது! வெள்ளை வேட்டி, வெள்ளைச் சேட், நெற்றியில் கீற்றாகத் திருநீறு. அவர் மணிக்கூட்டைப் பார்த்தார்.

"மற்ற ஆக்கள் காலமையே காட்டிப்போட்டுப் போட்டினம். றோசாப்பூவும் றிபனும். நல்ல வடிவு" என்றார். "எங்க, உங்கட காகத்தைக் காட்டுங்கோ பாப்பம்."

"ஐயா, ஒரு அரை மணித்தியாலம் தாங்கோ."

"ஏன் பிள்ளை, இன்னும் முடியேல்லையோ?"

"முடிஞ்சது ஐயா. பிழைச்சுப் போச்சு. திருத்திறன்."

றவூப் கண்ணை மூடிக்கொண்டான். இராசரத்தினம் அவளை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு கீழே கணக்கரோடு கதைக்க இருக்கிறது, வந்து பார்க்கிறேன், அதற்குப் பிறகு நேரமில்லை என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

மெஷின் எழும்ப எடுத்த நேரம் ஒரு யுகமாக இருந்தது. எட்டுக் காகங்களும் திரையில் அணிவகுத்தன. முதலாவதைக் கிளிக் பண்ண, அதன் கோட்டில் சின்னச் சின்னப் புள்ளிகள் தெரிந்தன. ஒரு புள்ளியைப் பிடித்து இழுத்தால் கோடும் கூடவே வரும். கழுத்தை இழுத்தாள். வளைந்தது. சொண்டைப் பிளந்தாள், காலைப் பரப்பினாள். நல்ல பிள்ளை திருடனானான். ஒவ்வொன்றையும் முதலில் மேசையில் விரலால் கீறிப் பார்த்தாள். கை ஞாபகம் வைத்திருந்தது. பிறகு அதே வீச்சோடு மவுசை இழுத்தாள். பிழைத்தால் கட்டையைத் தட்டினாள், திரும்ப இழுத்தாள். சோதனைச் சாவடியில் கிடைக்காத வசதி அது. வெறும் கையால் இந்த ஏழு காகத்தையும் மை போட்டு நிறம் தீட்டி முடிக்க இரண்டு கிழமை வேண்டும்; மெஷின் மட்டும் இருந்திருந்தால் இரண்டு வருடத்திலும் இவை வந்திருக்காது. றவூப்புக்கும் சூடு பிடித்துவிட்டது. அவள் மவுசில், அவன் கட்டைகளில், ஒரே கதிரையில் ஆளுக்குப் பாதியாக இருந்துகொண்டு, "அந்தக் குண்டனுக்கு வயிறு காணாது அக்கா, இன்னும் இழுங்க! இழுங்க!" என்று கத்தினான். கறுப்புக்குள் நீலம் போட்டான், ஊதா போட்டான். வாசலில் நின்ற காளியப்பன் எட்டிப் பார்த்து, "அடேங்கப்பா, இதுங்க நம்ம வீட்டுக் கூரையில இருக்கிற சனியன்களாச்சே" என்று சிரித்தார்.

ஏழாவது காகத்தின் கண் மட்டும் சரிவரவில்லை. இழுத்தாள், அழித்தாள், இழுத்தாள். படியில் செருப்புச் சத்தம் கேட்டது. கண் வந்துவிட்டது. ஆனால் எட்டாவது காகம் காலையில் நின்ற மாதிரியே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றது. அதை அவள் கீறவேயில்லை. சார்ஜன்ட் போதுமென்றதோடு கை நின்றுவிட்டது. அந்த இடத்தில் என்ன வர வேண்டுமென்று கைக்குத் தெரியவில்லை. ஏழு குழப்படிக்காரர்களுக்கு நடுவில் அது மட்டும் காவலுக்கு விட்ட ஆள் மாதிரி நின்றது. செருப்புச் சத்தம் கதவடிக்கு வந்தது.

பாலேஸ்வரி அதைக் கிளிக் பண்ணி அழித்தாள்.

"அக்கா!" என்றான் றவூப்.

காகம் நின்ற இடம் வெறுமையாயிற்று. அவள் அந்த வெறும் இடத்தின் கீழே மவுசால் நாலைந்து பிஸ்கட் துணிக்கைகளைத் தூவினாள். கையை எடுத்தாள்.

இராசரத்தினம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரைக்கு முன்னால் வந்து குனிந்தார். திருடனைப் பார்த்தார். வாலை இழுக்கிறவனைப் பார்த்தார். குண்டனிடம் வந்தபோது அவருடைய தோள் ஒருதரம் குலுங்கியது. வட்டத்தைச் சுற்றி வந்துகொண்டேயிருந்தவர் அந்த வெறும் இடத்தில் நின்றார். மேசையில் ரெலிபோன் அடித்தது. அவர் திரும்பவில்லை. அது அடித்து அடித்து ஓய்ந்தது. காலி வீதியில் பஸ்கள் ஓடுகிற சத்தம் அறைக்குள் வந்தது. அவருக்குப் பின்னால் சுவரில், மாலை போட்ட படத்துக்குள் அவருடைய சாடையில் ஒரு பெடியன் சிரித்துக்கொண்டிருந்தான். பாலேஸ்வரி அதை இப்போதுதான் கண்டாள்.

"இதில நிண்ட காகம் எங்க பிள்ளை?" என்று கேட்டார்.

விளக்கம் சொல்ல வாயைத் திறந்த றவூப்பின் காலை அவள் மேசைக்கடியில் மிதித்தாள். அவர் பதிலுக்குக் காத்திருந்ததாகவும் தெரியவில்லை. சுட்டுவிரலை மெல்ல நீட்டி, அந்தத் துணிக்கைகளைத் தொடப் போனார். விரல் கிட்டப் போக, திரைக் கண்ணாடியில் மின்சாரம் பொரிந்தது. அவருடைய முன்கையின் வெள்ளை மயிர்கள் ஒவ்வொன்றாக எழும்பி அந்த வெறும் இடத்தை நோக்கிச் சாய்ந்தன. அவர் கையை எடுக்கவில்லை.